இல்ல என்றால் மிச்சம்

ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் பிரபா குடியிருந்தாள். சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எண்ணெய்ப் பாக்கெட்டைக் கத்தரியால் பிளந்து, உட்புறத்தைத் தோசைக்கல்லில் தேய்த்த பிறகுதான் குப்பைக்கு விடுவாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டைப் புது சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள். பேஸ்ட் டியூபை அவள் பிதுக்குகிற பிதுக்கலைப் பார்த்தால் நமக்கே வலிக்கும். புருஷன் ஜெயக்குமார், சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கேப் டிரைவர். பிரபா கையில் மாட்டிய நோட்டு வெளியே வருவதற்குள் கிழவியாகிவிடும் என்று தன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். வரட்டுமே, அவள் நியாயம் அவளுக்கு. மகள் கீர்த்தனா பிறந்த நாளிலிருந்து வீடு மாற்றி வீடு மாற்றிக் கைகால் ஓய்ந்துபோயிருந்தது. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட ஓனரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணைச் சொந்தச் சுவருக்குள் வைத்து வளர்க்க வேண்டும். பெண்தான் அவளுக்கு எல்லாம், வீடும் பெண்ணுக்காகத்தான்.

ஆனால் பிரபாவின் சிக்கனத்தில் பெரிய ஆயுதம் சோப்பும் இல்லை, பாக்கெட்டும் இல்லை. ஒரு சொல். ‘இல்ல.’

செய்யூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில், வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். அரிசிப் பானை காலியானால் ‘அரிசி நிறைஞ்சிடுச்சு’ என்பார்கள். உப்பு தீர்ந்தால் உப்பும் நிறைந்துவிட்டதாகத்தான் பேச்சு. இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால், வீட்டிலிருக்கும் தேவதை ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிடுமாம். ஊரப்பாக்கத்தில் இதெல்லாம் எங்கே எடுபடுகிறது. பக்கத்துப் போர்ஷன் அனு, டவுனில் வளர்ந்த பெண், டம்ளரோடு வந்து சர்க்கரை கேட்டபோது பிரபா பழக்கதோஷத்தில் ‘நிறைஞ்சிடுச்சு’ என்றாள். அனு முகம் மலர்ந்து, அப்படியானால் இரண்டு டம்ளராகவே கொடுங்கக்கா என்றாள். அன்றோடு பிரபா ஊர் வழக்கத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். யார் எதைக் கேட்டாலும், இருந்தாலும் சரி தீர்ந்தாலும் சரி, பட்டென்று ‘இல்ல’தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே மிச்சமானது.

முதலில் போனது கறிவேப்பிலை. அனு கேட்டு வந்தாள். ஃப்ரிட்ஜில் ஒரு கட்டு ஈரத்துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. பிரபா கதவில் கை வைத்தபடியே இல்லை என்று அனுப்பிவிட்டு, கடுகு வெடிக்கிற நேரத்தில் துணியைப் பிரித்தாள். துணி ஈரமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு ஈர்க்குகூடக் கிடையாது.

அப்புறம் சில்லறை. சிலிண்டர் தூக்கி வந்தவர் தலையைச் சொறிந்தார், பிரபா சில்லறை இல்லை என்றாள், சாயங்காலம் பார்த்தால் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த டப்பா காலி. கீர்த்தனாதான் எடுத்திருப்பாள் என்று முதுகில் இரண்டு வைத்தாள். பாவம், அந்தப் பெண் எடுக்கவேயில்லை என்று தேம்பித் தேம்பி அழுதது. அதற்கடுத்து சர்க்கரை. டப்பாவின் அடியில் ஒட்டிய தடம்கூட இல்லாமல், கழுவித் துடைத்துக் கவிழ்த்தாற்போல் பளபளவென்று இருந்தது. சர்க்கரையைச் சுற்றி எப்போதும் ஊர்கிற எறும்புகளையும் காணோம். மூன்றையும் தன் வாயால் ‘இல்ல’ என்றதைப் பிரபா விரல் விட்டு எண்ணினாள்.

மறுநாள் ஜெயக்குமார் சாப்பாட்டில் உட்கார்ந்து ஊறுகாய் கேட்டான். பாட்டில் சமையலறை அலமாரியில், அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஊறுகா இல்லங்க” என்றாள். கண்ணை ஒருமுறை இமைத்தாள், அவ்வளவுதான். பாட்டில் இருந்த இடத்தில் எண்ணெய் வளையம்கூட மிச்சமில்லை. நீங்கள் நேற்று வாங்கி வந்தீர்களே அந்த ஊறுகாய் எங்கே என்று அவனைக் கேட்டாள்.

“நா எங்கடி ஊறுகா வாங்கியாந்தேன்?” என்றான் ஜெயக்குமார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை.

அவள் அலமாரியைப் பார்த்து ‘இருக்கு, இருக்கு’ என்று முணுமுணுத்துப் பார்த்தாள். எதுவும் திரும்பி வரவில்லை. போனது போனதுதான்.

வேறு பெண்ணாக இருந்தால் அந்த நிமிஷமே எலுமிச்சம்பழத்தோடு அம்மன் கோயிலுக்கு ஓடியிருப்பாள். பிரபா ஆயிற்றே! இரண்டு நாள் நடுங்கினாள், மூன்றாம் நாள் கணக்குப் போட ஆரம்பித்தாள். உங்கள் வீட்டில் கரப்பான் தொல்லை உண்டா என்று அனு கேட்க, இல்லவே இல்லை என்றாள். சிங்க்கடியில் ஓடிக்கொண்டிருந்த கூட்டம் மாயமாய்ப் போனது, மருந்துச் செலவு மிச்சம். மாடிப்படி ஏறி இறங்கி வலது முட்டியில் வெகுநாளாக வலி. டாக்டரிடம் போகலாமா என்று ஜெயக்குமார் கேட்டபோது, “வலி இல்லங்க” என்றாள். ஸ்கேன், மாத்திரை எல்லாமே மிச்சம். அடேயப்பா, இப்படியும் ஒரு வரமா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயக்குமார் மகாபலிபுரத்துக்குச் சவாரி போய்விட்டு, படகோரத்தில் மலிவாகக் கிடைத்த மீனை வாங்கி வந்தான். பொரித்தால் இரண்டு பேருக்குத்தான் காணும். கீர்த்தனா தன் தட்டைப் பார்த்தாள், அம்மாவின் தட்டைப் பார்த்தாள்.

“உனக்கும்மா?”

“எனக்குப் பசி இல்லடி. நீ துன்னு.”

எந்த அம்மா இந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள், சொல்லுங்கள். வாய் வழக்கமாகச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் பசிக்கவில்லை. மறுநாளும் பசிக்கவில்லை. சோற்றை வாயில் வைத்தால் காகிதத்தை மென்றாற்போல் இருந்தது. ஒரு ஆள் அரிசி மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டாள், அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது. பிறகு வளையல் முழங்கை வரை ஏறியது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. எப்போது கடைசியாகச் சாப்பிட்டோம் என்று யோசித்தால் அவளுக்கே தெரியவில்லை.

ஒரு மாலை தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனா ஓடிவந்து அலறினாள். கட்டிலின் இரும்பு முனை கிழித்து, பிரபாவின் முட்டியிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை வழிந்துகொண்டிருந்தது. துடைத்த தரையெல்லாம் சிவப்புக் கால்தடம். அவளுக்கு வலி துளிகூடத் தெரியவில்லை. பெண் அழுதுகொண்டே தன் பாவாடையால் காயத்தைப் பொத்தியது. அந்தச் சின்னக் கையைப் பார்த்தபோதுதான் பிரபாவுக்குப் புத்தி வந்தது. நாளைக்கு யாராவது வாசலில் வந்து ‘பாப்பா இருக்கா?’ என்று கேட்பார்கள். டியூஷனுக்கு வசூல், பள்ளி வேனுக்கு வசூல், எதிலிருந்தோ தப்பிக்க நானும் ‘இல்ல’ என்பேன். அப்புறம்? ஊறுகாய் போனது போல், பெற்ற தகப்பனுக்கே நினைவில்லாமல் என் பெண் போய்விடுமே. ஐயோ தெய்வமே, என் வாயாலேயே என் பெண்ணைத் துடைத்து எறிந்துவிடுவேனே என்று பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து வாயைக் கட்டினாள். செத்தாலும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். அனு இஞ்சி கேட்டால் இஞ்சி, தேங்காய் கேட்டால் அரைமூடி தேங்காய். துடைப்பக்காரி வந்தால் வேண்டாத துடைப்பம். ஒவ்வொன்றும் கையை விட்டுப் போகும்போது அடிவயிற்றில் கிள்ளியது, ஆனாலும் கொடுத்தாள்.

“இன்னாடி, லாட்டரி கீட்டரி அடிச்சிட்டியா? கேட்டதெல்லாம் தூக்கிக் குடுத்துகினு கீற?” என்றான் ஜெயக்குமார். அவள் சிரித்து மழுப்பினாள்.

கீர்த்தனா கடலுக்குப் போக வேண்டும் என்று வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தது. காசு இல்லை என்று இனி சொல்ல முடியாதே. மூன்று பேரும் பைக்கில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போனார்கள். பஞ்சுமிட்டாய், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், குதிரைச் சவாரி, பெண் எதைக் காட்டினாலும் பிரபா பர்ஸைத் திறந்தாள். அலை காலில் மோதும்போதெல்லாம் கீர்த்தனா வீல் வீலென்று கத்திக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை நாள் மிச்சம் பிடித்து என்ன செய்தேன் என்று பிரபா தன்னையே கேட்டுக்கொண்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். ஜெயக்குமார் டூட்டிக்குப் போயிருந்தான். கீர்த்தனா ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பிரபா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தமும் கூடவே ஒரு கனைப்பும் கேட்டது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு வசூல் பண்ணும் சம்பத். அவர் ரசீது கிழித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

நேற்றுக் கடற்கரையில் விட்ட காசு இன்னும் பிரபாவின் அடிவயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. மறுத்துச் சொல்லவும் வாயில்லை. சரி, எதுவுமே பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பேசினால்தானே ஆபத்து. சமையலறைக் கதவு மறைவில் ஒண்டிக்கொண்டாள்.

கீர்த்தனா கதவைத் திறந்தாள்.

“அம்மா கீறாங்களா பாப்பா?”

பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிரபாவின் வலது கை தானாக எழுந்து, விரல்களை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. வசூல்காரர் வரும்போதெல்லாம், பெண்ணுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் கை செய்கிற வேலை அது. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். வாயைக் கட்டியவள் கையைக் கட்ட மறந்துபோனாள். ஆட்டி முடித்த பிறகுதான் பிரபாவுக்கு உறைத்தது. வேண்டாம்டி என்று கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

“அம்மா வூட்ல இல்ல அங்கிள்.”

போனில் ஜெயக்குமாரே ஏமாந்துபோகும் குரல் அது. அச்சு அசல் பிரபாவின் குரல்.

சம்பத் அப்புறம் வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார். கீர்த்தனா கதவைச் சாத்திவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சமையலறைக்கு ஓடிவந்தாள்.

“போய்ட்டாரும்மா.”

பிரபா அவளுக்கு நேர் எதிரே நின்றாள். பெண்ணின் கண் அவளைத் தாண்டி அலமாரியைப் பார்த்தது, சிங்க்கைப் பார்த்தது. சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் தங்கியிருந்தது.

“அம்மா?”

இங்கதாண்டி கீறேன் என்றாள் பிரபா. அவள் காதுக்கே அது கேட்கவில்லை. பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். முடி விழுந்தாற்போல் கீர்த்தனா கன்னத்தைத் தடவி விட்டுக்கொண்டாள். பால் பொங்கி வர, எக்கி அடுப்பை நிறுத்தினாள். பாத்ரூமைத் திறந்து பார்த்தாள். பால்கனிக்குப் போனாள், பிரபாவும் பின்னாலேயே ஓடினாள். கொடியில் அப்பாவின் சட்டையும் பெண்ணின் யூனிபார்மும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. காலையில் பிரபா துவைத்துப் போட்ட இரண்டு புடவைகளும் அங்கே காணோம். அந்த இடத்துக் கொடி காய்ந்து கிடந்தது.

“அம்மா...” என்று இன்னொருமுறை கூப்பிட்டாள் கீர்த்தனா. இந்தத் தடவை குரலில் அவ்வளவு அவசரம் இல்லை. அடுத்து வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், எதற்குத் திறந்தோம் என்று யோசிப்பது போல. பிரபா அவள் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இருக்காங்கன்னு ஒரே ஒரு தடவை சொல்லுடி கண்ணு என்று மன்றாடினாள். பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுத உட்கார்ந்தது.

கொஞ்சம் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கியது. சமையலறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே பிரபா நின்றுகொண்டிருந்தாள். கீர்த்தனா எழுந்து வந்து, ஆளில்லாத அறையில் வீணாக எரிகிறதே என்று சுவிட்சை அணைத்தாள்.