கண்ணாடிச் சாடியில் விழுந்த மணி

விழுந்த சத்தம் தப்பு.

அது காதில் பட்ட கணமே அத்தையின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஏற்கெனவே வளையாத முதுகுதான். பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அடிஸ்கேல். அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

கன்னியர் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளியில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. விவாத மன்றம், நாடக மன்றம், செஞ்சிலுவைச் சங்கம், பாடகர் குழு என்று சட்டையில் இடம் போதாத அளவுக்கு பேட்ஜ் குத்திக்கொண்டு திரியும் பிள்ளைகள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மாதா சபைதான். அதன் தலைவிக்கு நீலப் பட்டை. பட்டை அணிந்த ஒவ்வொருத்தியின் படமும் சிற்றாலயத்துக்குப் போகும் நடைவழிச் சுவரில் தொங்கும். அங்கே அத்தையின் படம் இருக்கிறது, அவள் தங்கையின் படம் இருக்கிறது, தம்பியின் மூத்த மகள் படமும் இருக்கிறது. இந்த வருடம் தம்பியின் இளைய மகள் சிட்டு போட்டியில் நின்றாள்.

காலையில் தலை பின்னிவிடும்போது அத்தை சொல்லியிருந்தாள். "அந்தச் சுவர்ல நம்ம வீட்டுக்கு இன்னொரு படம் வரணும். பட்டை இல்லாம இந்த கேட்டைத் தாண்டி உள்ள வராத."

"தோத்துட்டா ரோட்டுலயா படுக்கிறது?" என்று சிட்டு சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. பின்னலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

சபையில் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது. அறுந்துபோன பழைய ஜெபமாலைகளின் மணிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். சிற்றாலயத்தின் பக்க அறையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் பீடத்துப் பூச்சாடிகள் இரண்டு. ஒன்று பித்தளை, ஒன்று கண்ணாடி. இந்த முறை பித்தளை நெட்டைக்கு, கண்ணாடி சிட்டுவுக்கு. நெட்டை என்பது சிட்டுவை எதிர்த்து நின்றவள். நாடக மன்றத்தில் எப்போதும் ராஜா வேஷம் கட்டுகிறவள். எந்தச் சாடியில் மணி விழுகிறது என்று வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஓட்டு முடியும்வரை பாடகர் குழு விடாமல் பாடும்.

வேட்பாளர்கள் கடைசியில் போவார்கள். அவர்களுக்கென்று ஒரு வழக்கம். தன் மணியை எதிராளியின் சாடியில்தான் போட வேண்டும். இது எங்கும் எழுதிவைத்ததில்லை. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டு மாதாவுக்கு முன்னால் நிற்பது கேவலம், அவ்வளவுதான்.

பழைய தலைவி ஒருத்தி திரைக்குப் பக்கத்தில் சாட்சியாக உட்காருவதும் வழக்கம். பல வருடங்களாக அந்த நாற்காலி அத்தையுடையது.

"ஏய், அடிஸ்கேல் பாக்குது, கூன் போடாதடி" என்று வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"எனக்கு முதுகே இல்லடி, பயத்துல எங்கயோ போயிடுச்சு" என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொருத்தியாகப் போட்டுவிட்டு வந்தார்கள். நெட்டை திரைக்குள் போனாள், வந்தாள். பிறகு சிட்டு போனாள். அவள் உள்ளே நின்ற நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்று பாடகர் குழுவில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் அத்தைக்குக் கேட்டது. பித்தளையின் கனத்த 'டங்' இல்லை. கண்ணாடியின் மெல்லிய 'கிளிங்'.

தன் சாடியிலேயே போட்டுவிட்டாள்.

சிட்டு வெளியே வந்தாள். அத்தையைப் பார்த்தாள், பார்த்த கண்ணை உடனே எடுத்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. பாட்டு மறுபடி உரக்க எழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை.

இவ்வளவு பேர் போட்டிருக்கிறார்கள், ஒரு மணியால் என்ன ஆகிவிடும் என்று அத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். சபையைக் கவனிக்கும் சிஸ்டர் சாடிகளைக் கவிழ்த்து, வெள்ளைத் துணியில் மணிகளை இரண்டு வரிசையாக அடுக்கினார். வரிசைகள் பக்கம் பக்கமாக நீண்டுகொண்டே போயின. கண்ணாடிச் சாடியின் வரிசை ஒரே ஒரு மணி கூடுதலாக முடிந்தது.

பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவள் நெட்டை. அவள் தன் மணியைச் சிட்டுவுக்குப் போட்டிருப்பாள் என்பதில் அத்தைக்குச் சந்தேகமில்லை. சிட்டுவும் முறைப்படி போட்டிருந்தால் இப்போது அந்த ஒரு மணி பித்தளைப் பக்கம் கூடியிருக்கும்.

சிஸ்டர் மணிகளைத் திரும்ப அந்தந்தச் சாடியில் போட்டு மேசைமேல் வைத்தார். நீலப் பட்டையைக் கையில் எடுத்தார். பிறகு வருடாவருடம் கேட்பதைக் கேட்டார். "சாட்சி சொல்லுங்க. எல்லாம் முறைப்படி நடந்ததா?"

'முறைப்படி நடந்தது.' இரண்டே வார்த்தை. அத்தை எழுந்தாள். எதிரே சிட்டு நின்றாள். காலையில் அத்தை பின்னிய பின்னல் தோளில் கிடந்தது. அந்தக் கண்கள் கெஞ்சின. அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, நடைவழிச் சுவரில் அத்தையின் சிறு வயது முகம் தெரிந்தது. சொல்லிவிட்டால் வீட்டுக்கு இன்னொரு படம் வரும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் வாயில் சிட்டுவின் பெயர் எத்தனை நாள் அடிபடும்?

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றார் சிஸ்டர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். ஆனா சொல்ல முடியாது."

சிஸ்டர் பட்டையைத் தாழ்த்தினார்.

"வேட்பாளர் ஒருத்தி தன் சாடியிலயே போட்டுக்கிட்டா. எங்க வீட்டுப் பிள்ளைதான்."

"ஐயோ" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள். சிட்டு தரையைப் பார்த்தாள். சிஸ்டர் தர்மசங்கடத்தோடு பட்டையை மடித்தார், விரித்தார். "அது வழக்கம்தானே அக்கா. சட்டத்துல எங்கயும் இல்லையே. விழுந்த ஓட்டு செல்லும்."

"செல்லட்டும். பட்டையும் போட்டுவிடுங்க. முறைப்படி நடந்ததுன்னு மட்டும் என் வாயால வராது."

"பரவால்ல ஆன்ட்டி" என்றாள் நெட்டை. "நான் ஒண்ணும் கேக்கலயே."

"நீ கேக்கலம்மா. என்னைக் கேட்டாங்க."

சிட்டுவின் காது மடல்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஓடிவிடப் போகிறாள் என்று அத்தை நினைத்தாள். சிட்டு ஓடவில்லை. மேசைக்கு வந்தாள். கண்ணாடிச் சாடிக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்தாள். பித்தளைச் சாடிமேல் கையைப் பிடித்தாள். விரல்கள் உடனே திறக்கவில்லை. பிறகு திறந்தன.

டங்.

பாட்டு இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை முன்னால், சிட்டு பின்னால். எப்போதும் வழியெல்லாம் தொணதொணக்கிற பிள்ளையின் செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது. இனி இவள் என் முகத்தில் விழிப்பாளா? திரும்பிப் பார்க்கவும் அத்தைக்குத் தைரியம் வரவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

சிட்டு ரோட்டிலேயே நின்றாள்.

"வாடி உள்ள."

"பட்டை இல்லாம வராதன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதனாலதான் அப்படிப் போட்டேன்." இப்போதுதான் அழுகை வந்தது. "நெட்டைக்குத்தான் போடணும்னு போனேன் அத்தை. உள்ள போனதும் நீங்க சொன்னதுதான் காதுல கேட்டுது."

வெயில் நடு உச்சியில் நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகுவது தெரிந்தது. நாளைக்கு ஊரே பேசும். அத்தை உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். கேட்டைச் சாத்தினாள். சிட்டுவுக்குப் பக்கத்தில் ரோட்டில் போய் நின்றாள், அதே நிமிர்ந்த முதுகோடு.

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"என்கிட்டயும் பட்டை இல்லையே."

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஓரக்கண்ணால் அத்தையின் கால்களைப் பார்த்தாள். மூட்டு வலிக்கு மருந்து தடவிவிடுகிறவள் அவள்தான்.

"கால் வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"அப்ப எதுக்கு இந்த வீம்பு?" சிட்டு கேட்டை எட்டி உதைத்துத் திறந்தாள். "உள்ள வாங்க. உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். சொல்லிட்டேன்."

"கோவமாவே இரு" என்று சொல்லிவிட்டு அத்தை அவள் பின்னால் நடந்தாள்.