இறக்காத கியர்பாக்ஸ்

முகத்துக்கு நேரா "நீங்க", முதுகுக்குப் பின்னாடி "அவன்". இருபது வருஷமா எம் புருஷனை நான் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். இந்தக் கதையிலயும் அவன்னுதான் சொல்லப் போறேன். மரியாதை இல்லையேன்னு யாருக்காவது வருத்தமா இருந்தா, என் வலது கையை வந்து பார்த்துட்டு அப்புறம் வருத்தப்படட்டும்.

அவன்கிட்ட ஒரு பிக்கப் வண்டி இருந்துச்சு. கல்குவாரியில இருந்து கல் பலகை ஏத்தி, மலையிறங்கி, கீழே கட்டடம் கட்டுற இடங்களுக்குக் கொண்டு போய் இறக்குறதுதான் பொழப்பு. வண்டி ஸ்டாண்டுல அவனுக்குப் பேரு பாக்ஸ்காரர். அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் கியர்பாக்ஸை ஒரு தடவைகூட கீழே இறக்கினதில்லன்னு வாய் ஓயாமச் சொல்லிச் சொல்லி வாங்கின பேரு. மத்தவங்க வண்டிக்கெல்லாம் ரெண்டு தடவை, மூணு தடவை பாக்ஸ் இறக்கிப் பிரிச்சு மாட்டியாச்சு. இவன் அவங்களை நிக்க வச்சுப் பாடம் நடத்துவான். கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதே, கியர் ராடு மேல கையை ஊனாதே, டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல நியூட்ரல் போடுறவன் முட்டாப்பயன்னு ஒரு மணி நேரம் பேசுவான். அவங்களும் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. கேட்காம என்ன பண்றது, பாக்ஸ் இறக்காதவன் இவன் ஒருத்தன்தானே.

அத்தனையும் பொய். அந்த பாக்ஸ் செத்த பிறகும் எட்டு வருஷம் ஓட்டியிருக்கான்.

மூணாவது கியர் நிக்காது. போட்டா விழும், ஆனா லோடு ஏறினா, இல்ல இறக்கத்துல வண்டி இன்ஜினைத் தள்ளினா, டக்குனு ராடு எகிறி நியூட்ரலுக்கு வந்துடும். மெக்கானிக் சத்தத்தை வச்சே சொல்லிட்டார். உள்ளே மூணாவது கியரோட பல்லு மழுங்கிப் போச்சு, பாக்ஸை இறக்கி மாத்தணும், நாலு நாள் ஆகும்னார். இவனுக்கு நாலு நாள் பெரிசில்ல. பாக்ஸை இறக்கிட்டா ஸ்டாண்டுல இவன் பேரு என்னாகும்? மானம் கப்பலேறிடாதா? மெக்கானிக்கோட வாயை எப்படியோ அடைச்சுட்டு வீட்டுக்கு வந்தான். சோறு போட்டுக்கிட்டு இருந்த என் கையைப் பார்த்தான். சும்மா கிடக்கிற கைதானே, நாளைக்கு வண்டியில ஏறுன்னான்.

அன்னைக்கு ஏறினவதான். மூணாவது கியர் விழுந்ததும் நான் பக்கத்து சீட்டுல இருந்து வலது கையால ராடை முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்கணும். வேற கியர் மாத்துறதுக்கு அவன் தோளால இடிப்பான், நான் விடணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. ராடு நடுங்குற நடுக்கத்துல படுத்த பிறகும் கை தானா நடுங்கும். ஸ்டாண்டுல இருக்கிறவங்களுக்கு இது எதுவும் தெரியாது. பாக்ஸ்காரரு புதுமாப்பிள்ளை மாதிரி பொண்டாட்டியைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத் திரியிறாருன்னு கேலி பண்ணுவாங்க. இவனும் வெட்கப்படுற மாதிரி தலையைச் சொறிவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. ராடை நான் பிடிச்சுக்கிட்டதால அவனோட இடது கைக்கு வேலை இல்லாமப் போச்சு. அந்தக் கைதான் என்னை அடிக்கும். ராடு ஒரு இம்மி ஆடினாலும் புறங்கையால வாயில ஒரு போடு. கண்ணை அசந்துட்டா முடியைப் பிடிச்சு டேஷ்போர்டுல ஒரு மோது. சீட்டுக்கு இடையில சின்ன ஸ்பேனர் ஒண்ணு கிடக்கும், அது என் முழங்கைக்குன்னே வச்சிருந்தான். என்னால தப்பிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது, கையை எடுத்தா கியர் போயிடும். அடிக்கிற கைக்கு ஓய்வு கொடுத்தது நான்தான்னு நினைக்கும்போது என் மேலயே எனக்கு ஆத்திரமா வரும்.

ஓடிப் போகலையான்னு கேட்பீங்க. ரெண்டு தடவை அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு தடவையும் இவன் வந்து மச்சான் மச்சான்னு தோள்ல கை போட்டான். அண்ணன் என்னை வண்டி வரைக்கும் கொண்டு வந்து விட்டு, கதவையும் சாத்திட்டுப் போனான். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

எல்லாத்தையும் ஒரே ஒரு காரணத்துக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தேன். எங்களுக்கு ஒரே பொண்ணு, அப்போ பதினேழு வயசு. பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம். நான் வண்டியில உக்காந்திருக்கிற வரைக்கும் அவ புத்தகத்தோட உக்காந்திருப்பா. அது போதும் எனக்கு.

போன வருஷம் ஸ்டாண்டுக்கு முன்னாடி இருக்கிற மேட்டுல ஏறும்போது எனக்குக் காய்ச்சல். கை நழுவிடுச்சு. ராடு எகிறி, இன்ஜின் அலறி, லோடோட வண்டி பின்னாடி உருள, பின்னாடி வந்தவன் மேல இடிக்கப் பார்த்துச்சு. ஸ்டாண்டே எந்திரிச்சு நின்னு வேடிக்கை பார்த்துச்சு. ஒருத்தன் சிரிச்சுட்டான். என்ன பாக்ஸ்காரரே, பாக்ஸ் பேசுதான்னு கேட்டான். இவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான். லோடை இறக்கிட்டுக் குவாரிக்குத் திரும்பினதும், யாரும் இல்லாத பக்கமா வண்டியை நிறுத்தினான். என்னை இறங்கச் சொல்லி, வலது கையை இழுத்துப் பின்பக்கக் கதவோட விளிம்புல வச்சு, அந்த இரும்புக் கதவை அறைஞ்சு சாத்தினான். எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஒரு தடவையோட விட்டானா? திறந்து, இன்னொரு தடவையும் சாத்தினான்.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டாங்க. விழுந்துட்டேன்னு சொன்னேன். மறுநாள் காலையில வண்டி கிளம்புற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா, என் சீட்டுல பொண்ணு உக்காந்திருக்கா. நான் வாசலுக்கு ஓடுறதுக்குள்ள வண்டி தெருமுனை திரும்பிடுச்சு.

சாயங்காலம் வந்தா. வலது கை விரல் நாலும் கருத்து வீங்கிக் கிடந்துச்சு. ராடு ஆடும்போதெல்லாம் ஸ்பேனரால விரல் முட்டியில தட்டியிருக்கான். பரீட்சைக்கு மூணு நாள்தான் இருந்துச்சு, பேனாவை எடுத்தா, விரல் மடங்கல. நான் அழுதேன். அவ அழல. என்னைச் சமாதானப்படுத்துறதுக்குத்தான் அதைச் சொன்னா.

"நான் ஒரு தடவைகூட விடலம்மா."

பெருமையாச் சொன்னா. எட்டு வருஷம் நான் பட்ட அடியெல்லாம் சேர்ந்தும் அந்தப் பெருமை மாதிரி வலிக்கல.

மறுநாள் அவளுக்கு முன்னாடி நான் போய் வண்டியில உக்காந்துட்டேன். இவன் என் மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிச்சான். இடது கை இருக்குன்னு சொன்னேன். இடது கையால பிடிக்கணும்னா உடம்பை முழுசா அவன் பக்கம் திருப்பிக் குனிஞ்சு உக்காரணும். மூஞ்சி அவனுக்கு நேரா, அடிக்கிறதுக்கு வாகா இருக்கும். பரவாயில்லன்னு உக்காந்தேன்.

குவாரியில பன்னெண்டு கல் பலகை ஏத்தினாங்க. நிக்க வச்சுக் கயிறு கட்டினாங்க. மலையிறக்கம் ஆரம்பிச்சதும் மூணாவது கியர் போட்டான், நான் பிடிச்சேன். இறக்கத்துல லோடைத் தாங்குறது அந்தக் கியர்தான், பிரேக் பாதி தேய்ஞ்சு கிடந்துச்சு. ரெண்டு வளைவு தாண்டினதும் பேச ஆரம்பிச்சான். பொண்ணோட கை உன் கையை விட உறுதியா இருக்கு, ராடு எகிறவே இல்ல, திங்கக்கிழமையில இருந்து அவளே வரட்டும், படிச்சுக் கிழிச்சதெல்லாம் போதும்னான்.

அவ வர மாட்டான்னு சொன்னேன்.

இப்படி ஒரு வார்த்தையை நான் அவன்கிட்ட சொன்னதே இல்ல. திரும்பிப் பார்த்தான். புறங்கை வாயில விழுந்துச்சு. முன்பல்லு உடைஞ்சு நாக்குல கிடந்துச்சு, துப்பினேன், ரத்தம் ராடு மேல ஒழுகுச்சு. கையை எடுக்கல. அவ வர மாட்டான்னு மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மூக்கு. மூணாவது தடவை ஸ்பேனரை எடுத்து மாவுக்கட்டு மேலயே அடிச்சான். கட்டு விரிசல் விட்டுச்சு. கண்ணு முன்னாடி எல்லாம் வெள்ளையாப் போய்த் திரும்ப வந்துச்சு. அப்பவும் இடது கை ராடுலதான் இருந்துச்சு. எதிர்ல ரோடு பாம்பு மாதிரி வளைஞ்சு கீழே இறங்குறது தெரிஞ்சுது.

"கையை எடுக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

"எடுடி. எடுத்துத்தான் பாரேன். என் பாக்ஸ் உன்னை நம்பியா ஓடுது?"

அவன் மூஞ்சியைப் பார்த்தேன். சும்மா வீம்புக்குச் சொல்லல. எட்டு வருஷமா ஊருக்குச் சொன்ன பொய்யை அவனே நம்பிட்டான். என் கை அங்க இருக்கிறதே அவன் கணக்குல இல்ல. கொல்லணும்னு நினைச்சியான்னு கேட்டா, நினைச்சேன். நானும் செத்துப் போவேனேன்னும் தோணுச்சு. ஆனா திங்கக்கிழமை அந்தச் சீட்டுல அவ உக்கார மாட்டா. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

ராடு எகிறாம நின்னுச்சு. அந்த இடத்துல ரோடு கொஞ்சம் சமம். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். பார்த்தியான்னு கேட்கப் போறான்னு நினைக்கிறேன், இறக்கம் வந்துடுச்சு. டக்.

இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கிப் போச்சு. சத்தமே இல்லாம வண்டி பாய ஆரம்பிச்சுது. ராடைப் பிடிச்சு இழுத்துத் தள்ளிப் பார்த்தான், அந்த வேகத்துக்குக் கியர் விழுமா, உள்ளே கரகரன்னு இரும்பை அரைக்கிற சத்தம்தான் வந்துச்சு. பிரேக் மேல ஏறி நின்னான். பொகை நாத்தம் வந்துச்சு, வேகம் குறையல. அப்போதான் அவனுக்கு என் கை ஞாபகம் வந்துச்சு. மாவுக்கட்டோட மணிக்கட்டைப் பிடிச்சு ராடு மேல இழுத்து வச்சு, பிடிடி பிடிடின்னு கத்தினான். எதைப் பிடிக்கிறது? நான் இன்னும் குனிஞ்சு கால் வைக்கிற இடத்துல சுருண்டுக்கிட்டேன்.

வளைவுல பாறையில மோதுச்சு. மோதினது ஒரு சத்தம், அதுக்குப் பின்னாடி பன்னெண்டு பலகையும் கயித்தை அறுத்துக்கிட்டு முன்னாடி வந்த சத்தம் இன்னொண்ணு. அதுல ஒண்ணு தகரத்தைக் கிழிச்சுக்கிட்டு அவன் சீட்டு முதுகுல இறங்குச்சு. என் தலைக்கு மேல ஒரு ஜாண்ல இன்னொண்ணு நின்னுச்சு. அவன் கத்தினது கொஞ்ச நேரம்தான், அப்புறம் மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

சாகல. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிடுச்சு, இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாய் மட்டும் நல்லா இருந்துச்சு. எனக்குப் பயமே அந்த வாய்தான். பொண்டாட்டி கையை எடுத்தான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் ஜெயிலுக்கு. பொண்ணு இவன்கூட வீட்டுல தனியா. பீ மூத்திரம் அள்ளுறதுக்கு அவ படிப்பை நிறுத்திடுவான்.

நாலாம் நாள் போலீஸ்காரர் நோட்டோட வந்தார். ஸ்டாண்டுல இருந்து ஏழெட்டுப் பேர் பழம் வாங்கிட்டு வந்து கட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. மெக்கானிக்கும் வந்திருந்தார், தலையைக் குனிஞ்சு தன் காலையே பார்த்துக்கிட்டு நின்னார். நான் கட்டிலோட கால்மாட்டுல. போலீஸ்காரர், வண்டி நியூட்ரல்ல இருந்துச்சு, அவ்வளவு லோடோட இறக்கத்துல எப்படி நியூட்ரலுக்குப் போச்சு, கியர்பாக்ஸ்ல ஏதாவது கோளாறா, இல்ல வேற யாராவது ராடைத் தொட்டாங்களான்னு கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். எல்லாம் கண்ணுல தெரிஞ்சுது, சொல்லத்தான் போறான். அப்புறம் அவன் கண்ணு மெதுவா என்னை விட்டுட்டு ஸ்டாண்டு ஆளுங்க ஒவ்வொருத்தர் மேலயும் போச்சு. நான் கையை எடுத்தேன்னு சொல்லணும்னா, என் கை அங்க எதுக்கு இருந்துச்சுன்னு சொல்லணுமே.

"என் பாக்ஸ்ல ஒரு கோளாறும் கிடையாது. நான்தான் நியூட்ரல் போட்டேன். டீசல் மிச்சமாகும்னு."

போலீஸ்காரர் எழுதிக்கிட்டார். ஸ்டாண்டு ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. யானைக்கும் அடி சறுக்கும்னு ஒருத்தர் ஆறுதல் சொன்னார். நான் வெளியே போய்ச் சுவத்துல சாஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். பல்லு போன இடத்துல காத்துப் பட்டுக் கூசுச்சு.

கேஸ் முடிஞ்சுது. பொண்ணு விரல் ஆறின பிறகு மறுபரீட்சைக்குக் காத்திருந்து எழுதினா, பாஸ். இப்போ வேற ஊர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டேன். போடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட போய், பாக்ஸை இறக்குங்கன்னேன். மறு பேச்சுப் பேசாம இறக்கினார். மூணாவது கியரை மண்ணெண்ணெயில கழுவி, பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். இதை வச்சுக்கிட்டு எட்டு நாள் ஓட்ட முடியாது, எட்டு வருஷம் எப்படிம்மா ஓடுச்சுன்னு கேட்டார். கியரை வாங்கிக்கிட்டேன், அவருக்குத் தெரியாததா.

அது இப்போ அவன் கட்டிலுக்குப் பக்கத்துல, தண்ணி டம்ளர்கிட்ட இருக்கு. பல்லெல்லாம் மழுங்கி, சாப்பிட்டுப் போட்ட மாங்கொட்டை மாதிரி. பார்க்க வர்றவங்க யாராவது என்னன்னு கேட்டா, பேப்பர் பறக்காம இருக்க வச்சிருக்கேன்னு சொல்வேன். அவன் வாயைத் திறக்க மாட்டான். வந்தவங்க பாக்ஸைப் பத்திப் பேச்செடுத்தா மட்டும், கடைசி வரைக்கும் இறக்கலயேன்னு முனகுவான்.

நேத்து வீட்டுல யாரும் இல்ல. முகம் துடைச்சுவிட்டுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் என் வலது கையையே பார்த்தான். அது இன்னும் நேராகல, இனி ஆகாது.

"நீதானடி கையை எடுத்த"ன்னான்.

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

துண்டைப் பிழிஞ்சு காயப் போட்டேன். டாக்டர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கார், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும். அவனைப் புரட்டி, கியர் தெரியிற பக்கமாப் படுக்க வச்சேன்.