இரண்டாம் சங்கு

முதல் பரிசு வாங்கிய பன்றியை எங்கள் மேடைக்குப் பின்பக்கமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் டிரம்ஸின் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். மணி மதியம் இரண்டு. மூன்று மணிக்கு நாங்கள், ஐந்து மணிக்கு டிராக்டர் இழுக்கும் போட்டி. விவசாயக் கண்காட்சி நோட்டீஸில் பன்றிக்கும் டிராக்டருக்கும் நடுவே ‘சிண்டர் ஹில்’ என்று எங்கள் குழுவின் பெயர், அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள். ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேர் உட்காரும் மைதானங்களில் வாசித்தவர்கள் நாங்கள். இதைச் சொன்னால் ஒஹாயோவில் இப்போது பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்களுக்கு மூட்டுவலி, வெயிலில் வந்து நிற்க முடிவதில்லை.

மார்லிஸ் கையில் எலுமிச்சைச் சாற்றுடன் வந்தாள். வெர்னின் மனைவி. வெர்ன் எங்கள் பாடகன், ஆறாம் வகுப்பிலிருந்து என் நண்பன். அவள் கண்ணாடியைக் கழற்றாமலே ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“எமில், செவ்வாக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போகல.”

“என்ன ஆஸ்பத்திரி?”

“உன்கிட்டயும் சொல்லலையா? நீங்கல்லாம் என்ன சிநேகிதமோ போ.” சாற்றை உறிஞ்சினாள், கீழே வைத்தாள். “தொண்டையில கட்டி. புத்துநோய்தான். வெட்டி எடுத்தா குரல் போயிடும், ஆள் மிஞ்சுவான்னு டாக்டர் சொல்றார். தேதி குடுத்தாங்க, இவன் என்ன பண்ணான் தெரியுமா? போன ஜூலைல பாடுன வீடியோவ அவர்கிட்ட போட்டுக் காட்டியிருக்கான். ‘இந்தச் சத்தம் போடுறவன் தொண்டையிலயா புத்துநோய்?’னு கேட்டிருக்கான். டாக்டரே அசந்துட்டாராம்.”

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“திங்கக்கிழமைக்கு இன்னொரு தேதி வாங்கியிருக்கேன். அதையும் விட்டா அப்புறம் வெட்டுறதுக்கே வழியில்லையாம். நீ சொன்னா கேப்பான் எமில். வேற யார் சொல்லியும் கேக்க மாட்டான்.”

சரி என்றேன். திருகைத் தேவைக்கு மேல் முறுக்கிவிட்டேன், திரும்பவும் தளர்த்தினேன்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் எஃகு ஆலையில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு முறை சங்கு ஊதுவார்கள். முதல் சங்கு ஊதினால் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் சங்கு ஊதினால் கதவைச் சாத்திவிடுவார்கள், வெளியே நிற்பவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. என் அப்பா, வெர்னின் அப்பா, கிதார் வாசிக்கும் ஜீனோவின் அப்பா எல்லாரும் அந்தச் சங்குக்கு ஓடியவர்கள்தான். எங்களுக்குப் பதினேழு வயதானபோது ஆலையை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரில் காலை நேரம் எப்போது வந்து போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஜீனோவின் மாமா கார்ப் பட்டறையில் நாங்கள் மூவரும் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், வெர்ன் தலையைப் பின்னால் சாய்த்து அந்தச் சங்கை அப்படியே ஊதினான். தொண்டையால்தான். பட்டறைக்கு எதிரே குடித்துவிட்டுத் தின்றுகொண்டிருந்த நான்கு பேர் கையில் இருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இது வெறும் கூச்சல் இல்லை என்று.

அந்தச் சத்தத்தைச் சுற்றித்தான் ‘இரண்டாம் சங்கு’ பாட்டைக் கட்டினோம். பாட்டின் நடுவில் ஒரு முறை ஊதுவான், பிறகு பதினாறு சுற்று நான் மட்டும் அடிப்பேன், முடிவில் இன்னொரு முறை ஊதுவான். எண்பத்தாறில் நாடு முழுக்க ரேடியோவில் அதுதான். ஐந்து வருடம் பேருந்திலேயே குடியிருந்தோம். தலைமுடிக்கு ஸ்பிரே அடித்து அடித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு கட்டம்போட்ட சட்டையும் புதுவிதப் பாட்டுமாக வேறு பையன்கள் வந்தார்கள், எங்கள் மூன்றாவது ரெக்கார்டை ரேடியோக்காரர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வெர்ன் கூரை வேய்கிற வேலைக்குப் போனான், நான் பள்ளி பஸ் ஓட்டினேன், ஜீனோ கிதார் கடையில் நின்றான். பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி சேர்ந்தோம். பாஸ் வாசிக்க மட்டும் ஊருக்கு ஊர் ஆளைப் பிடித்துக்கொள்வோம். வெர்னுக்குக் குரல் எட்டாமல் போகப் போக, கிதாரின் சுருதியை முதலில் அரைக் கட்டை, பிறகு இன்னொரு அரைக் கட்டை என்று இறக்கினோம். பழைய குழுக்கள் எல்லாம் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை.

நாங்கள் செய்தது அதோடு நிற்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சூதாட்ட விடுதியில் வாசித்தபோது, சங்கு ஊத வேண்டிய இடத்தில் வெர்னின் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவன் மூன்று நாள் வீட்டு நிலவறையை விட்டு மேலே வரவில்லை, சாப்பிடவில்லை, வேட்டைத் துப்பாக்கியை எடுத்து மார்லிஸ் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் ஜீனோ பழைய ஒலிநாடாவைத் தோண்டி எடுத்தான். அதிலிருந்து எண்பத்தாறின் வெர்னை மட்டும் தனியாகப் பிரித்து, இப்போதைய சுருதிக்கு இறக்கி, ஒரு சின்னக் கருப்புப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். பெட்டி என் இடது காலுக்குப் பக்கத்தில் இருக்கும். மிதித்தால் சங்கு. வெர்னுக்குக் காது பாதி போய்விட்டது, மேடையில் சத்தம் இடி இடிக்கும், வருவதோ அவனுடைய குரல். முதல் முறை மிதித்த அன்றைக்கு அவன் மேடையை விட்டு இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு, “வந்துச்சுடா எமில், வந்துச்சுடா” என்று அழுதான். அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் சொல்ல நேரமே வாய்க்கவில்லை என்று ஆறு வருடமாக என்னையே ஏமாற்றிக்கொண்டு வருகிறேன்.

டாக்டரிடம் அவன் காட்டியது என் கால்.

வெர்ன் டிரெய்லரில் இருந்தான். தோல் பேண்ட்டின் பித்தானைப் போட வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“வாடா. இந்தப் பேண்ட்டு சுருங்கிடுச்சு.”

“ஆமா, பேண்ட்டுதான் சுருங்கிடுச்சு.”

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, நான் பார்ப்பதற்குள் மடித்துவிட்டான்.

“மார்லிஸ் சொன்னா” என்றேன்.

“சொல்லுவா. அவ பன்னிகிட்டயும் சொல்லியிருப்பா.”

“வெர்ன், திங்கக்கிழமை போயிட்டு வந்துரு. நான் வண்டி ஓட்டிட்டு வரேன்.”

அவன் தேன் கலந்த வெந்நீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். விழுங்குவதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

“வீட்ல கத்திப் பாத்தேன்டா. காத்துதான் வருது. நாய்கூடத் திரும்பிப் பாக்கல. ஆனா மேடையில ஏறுனா வருது. எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே தெரியல. அது வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. அதை வெட்டி எடுத்துட்டு என்னை என்ன பண்ணச் சொல்ற? சிலேட்டுல எழுதிக் காட்டணுமா?”

“வரலைன்னா?”

“என்னது வரலைன்னா?”

“இன்னைக்கு அது வரலைன்னா?”

பித்தானை ஒரு வழியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“வரலைன்னா திங்கக்கிழமை நானே போய்ப் படுத்துக்கறேன். போதுமா?”

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். கண்ணாடி முன்னால் நின்று அவன் நரைத்த முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தான், முதல் கச்சேரிக்கு முன்னால் பட்டறைக் கண்ணாடியில் ஒதுக்கிக்கொண்ட அதே கையால். நான் கோழை. கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

“கால் பத்திரம்டா” என்றான் முதுகுக்குப் பின்னால். என் முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அவன் சொல்வது அது.

படிக்கட்டில் ஜீனோவைப் பிடித்து, இன்றைக்கு மிதிக்கப் போவதில்லை என்றேன். எதற்கு என்றும் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

“அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடியா அவனைக் கொல்லப் போற?”

“மிதிச்சா வீட்ல சாவான்.”

“தனியாக் கூப்ட்டு சொல்லுடா. நானும் பக்கத்துல நிக்கறேன்.”

“இப்பதான் அங்கேர்ந்து வரேன். என்னால முடியல. உன்னால முடிஞ்சா போய்ச் சொல்லு, போ.”

ஜீனோ டிரெய்லரைப் பார்த்தான். கிதாரின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டான். போகவில்லை.

அலுமினிய பெஞ்சுகளில் முந்நூறு பேர் இருப்பார்கள். வெயில் நேராக எங்கள் கண்ணில் அடித்தது, தொத்திறைச்சியும் வெங்காயமும் வதங்குகிற புகை மேடை வரைக்கும் வந்தது. வெர்ன் ஓடி வந்து மைக்கைப் பிடித்தான். முதல் நான்கு பாட்டையும் எப்படியோ தள்ளிவிட்டான், மேல் ஸ்தாயி வருகிற இடங்களில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். அவர்களும் பாடினார்கள். நல்ல ஜனங்கள். ஐந்தாவது பாட்டுக்கு ஜீனோ முதல் நரம்பைத் தட்டியதுமே பெஞ்சுகள் கடகடத்தன, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேடையின் ஓரத்தில் மார்லிஸ் போனை உயர்த்திப் பிடித்தாள். டாக்டருக்குக் காட்ட இன்னொரு வீடியோ.

முதல் சங்கின் இடம் வந்தது. வெர்ன் கால்களை அகட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான். என் இடது கால் பெட்டிக்கு மேலே இருந்தது. அதை நான் தரையில் வைத்தேன்.

காற்றுதான் வந்தது. கிழிந்த பையிலிருந்து வருவதுபோல் ஒரு காற்று, அதை முந்நூறு பேருக்கும் ஸ்பீக்கர் பெரிதாக்கிக் காட்டியது. முன்வரிசையில் ஆலைத் தொப்பி போட்ட ஒருவர் இரண்டு முஷ்டியையும் மேலே தூக்கியிருந்தார். இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். மார்லிஸின் போன் மெல்லக் கீழே இறங்கியது. ஜீனோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் மட்டும் அடிக்க வேண்டிய பதினாறு சுற்று. அடித்தேன். கை தானாக அடித்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டுவான், அடிப்பான், இறங்கிப் போய்விடுவான், திங்கட்கிழமை போய்ப் படுப்பான், உயிரோடிருப்பான் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன்.

வெர்ன் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீனோவைப் பார்க்கவில்லை. கண் நேராகக் கீழே இறங்கி என் இடது காலில் வந்து நின்றது, எங்கே பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகத் தெரிந்தவனைப்போல.

ஒன்பது. பத்து. அவன் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வந்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். உதடு அசைந்தது.

“ஒரே ஒரு தடவடா. எமில். ஒரே ஒரு தடவ.”

பன்னிரண்டு. அவன் கண்ணில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதின்மூன்று. கால் தரையை விட்டு எழுந்துவிட்டது. நான் எழுப்பினேனா என்று தெரியவில்லை. பதினான்கு.

பதில் எதற்கும் காத்திருக்காமல் வெர்ன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கால்களை அகட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தான்.