வேலிக்குத் தண்ணி, பீப்பாவுக்கு மண்

ஜவுபர் குவைத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒன்றைப் பார்த்து மட்டும் ஊர் சிரித்தது. ரேடியோவும் போர்வையும் சென்ட் போத்தலும் எல்லோரும் கொண்டுவருவதுதான். அவன் அவற்றோடு, பழைய சாரனில் சுற்றி, கனமான இரும்புக் கம்பித் தட்டு ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஜன்னலுடையது என்று கேட்டாராம்.

"இறைச்சி சுடுற கம்பி," என்றான் றம்லாவிடம். "ஹோட்டல்ல பழசெண்டு எறிஞ்சது. நல்ல இரும்பு. விட்டுட்டு வர மனம் வரல்ல."

நிக்காஹ் முடிந்து பதினொரு மாதத்தில் போனவன். நாலு வருடம் கழித்து, எண்பத்தொன்றாம் ஆண்டு பெப்ரவரியில் வந்து நின்றான். இடையில் றம்லாவுக்கு அவன் வெறும் கையெழுத்துத்தான். நீல நிற விமானக் கடதாசியில் நெருக்கி எழுதிய கையெழுத்து. 'சுடுகிற அடுப்புக்கு நான்தான் பொறுப்பு' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். றம்லா அதைத் தன் அண்ணன் அப்துல் ஹமீட் காக்காவிடம் வாசித்துக் காட்டினாள். காக்காவுக்குக் கல்முனைச் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடை இருந்தது. "நம்மட மச்சான் குவைத்தில பெரிய கோக்கி" என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஊருக்குள் அந்தச் சமையல்காரப் பெயர் ஜவுபருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

பாண்டிருப்பில் இரும்பு ஒட்டுவேலை செய்யும் செல்லத்தம்பி தகரப் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்குக் கால் வைத்து, மறுபாதியைப் பிணைச்சல் போட்டு மூடியாக்கிக் கொடுத்தார். பக்கங்களில் காற்றுப் போக மூன்று மூன்று துளைகள். உள்ளே சிரட்டைக் கரி, மேலே குவைத்துக் கம்பி. பின்வளவில், குசினிக்கும் தென்னோலைக் கிடுகு வேலிக்கும் இடையில் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து அதை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காக்காவும் அவர் மனைவி சல்மாவும் வந்துவிடுவார்கள். ஜவுபர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறைச்சி சுடுவான்.

உண்மையைச் சொன்னால், அந்த இறைச்சி வெளியே கருகி, உள்ளே இரத்தம் காயாமல் இருக்கும். முதல்நாள் றம்லா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கிவிட்டாள். "குவைத்தில இப்பிடித்தான் தின்னுவாங்களாக்கும்" என்று சல்மா மதினி காதுக்குள் சொன்னா. காக்கா மட்டும், "என்ன ருசி, என்ன ருசி!" என்று தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றார்.

றம்லாவுக்கு ருசியைவிட வேறொன்றுதான் விளங்கவில்லை. ஜவுபர் சுத்தக்காரன். நாளைக்கு மூன்று தடவை பல் விளக்குவான். செருப்பின் அடியைக்கூடக் கழுவி வைப்பான். ஆனால் அந்தப் பீப்பாயை ஒருநாளும் கழுவ மாட்டான். சுட்டு முடிந்ததும் மூடியை இறக்கிவிட்டு வந்துவிடுவான். கம்பியில் கருகல் மரப்பட்டைபோல் ஏறியது. உள்ளே கொழுப்பு வடிந்து, சாம்பலோடு சேர்ந்து உறைந்து, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புப் பிசினாகக் கிடந்தது. ஒருநாள் றம்லா தேங்காய்த் தும்பும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போய்க் குந்தினாள். அவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இதத் தொடாத புள்ள."

"அப்ப நீங்க தேயுங்களன். நாத்தம் அடிக்கிது. எறும்பு வருகுது."

"அந்தக் கறுப்பிலதான் ருசி இரிக்கி. விடு."

முகம் ஒருமாதிரிப் போய்விட்டது அவனுக்கு. றம்லா தும்பைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டாள். நாலு வருடக் கடிதத்தில் இல்லாத முகங்கள் அவனுக்கு இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் நோன்பு யூலையில் வந்தது. கச்சான் காற்று வயல் பக்கமிருந்து நெருப்பாய் அடித்து, கிடுகையெல்லாம் தொட்டால் நொறுங்குகிற பதத்தில் காயவைத்தது. நோன்பு மாதம் முழுக்க யாரும் பீப்பாயைத் திறக்கவில்லை. பெருநாளுக்கு மறுநாள் காக்கா நல்ல கொழுப்புள்ள மாட்டு விலா எலும்பு கொண்டுவந்து கொடுத்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்து ஜவுபர் கரியைப் பற்றவைத்தான்.

இறைச்சி வைத்துக் கொஞ்ச நேரத்தில் புகையின் நிறம் மாறியதை றம்லா குசினி வாசலிலிருந்து கண்டாள். வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்த புகை மஞ்சளாகி, பிறகு கறுத்தது. விலாவிலிருந்து கொழுப்புச் சொட்டச் சொட்ட, கரிக்குக் கீழே, அந்த ஐந்து மாதப் பிசின் உருகிக் கொதித்துப் பற்றிக்கொண்டது. 'புசு'க்கென்று ஒரு சத்தம். கம்பிக்கு மேலே ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பியது. கச்சான் அதை அப்படியே வேலிப் பக்கம் மடித்துவிட்டது.

"யா அல்லாஹ்!" என்றார் காக்கா. வாளியோடு கிணற்றுக்கு ஓடினார். ஜவுபர் திரும்பிப் பார்ப்பதற்குள் வாளித் தண்ணீர் முழுவதையும் பீப்பாய்க்குள் ஊற்றிவிட்டார்.

நெருப்பு அணையவில்லை. வெடித்தது. எரிகிற கொழுப்பு நாலாபக்கமும் தெறிக்க, காக்கா மணலில் மல்லாக்க விழுந்தார். வேலியில் இரண்டு இடத்தில் கிடுகு பற்றியது.

அப்போதுதான் றம்லா தன் புருசனுடைய குரலை முதல்முறையாகக் கேட்டாள். வீட்டில் அவன் கதைத்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது.

"தண்ணி ஊத்தாதீங்க! ஒருத்தரும் பீப்பாவுக்குத் தண்ணி ஊத்தாதீங்க! வேலிக்குத் தண்ணி, பீப்பாவுக்கு மண்! றம்லா, வேலிக்கு ஊத்து! மதினி, நீங்க பின்னுக்குப் போங்க!"

கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோணிச் சாக்கை உருவிக் கையில் சுற்றினான். சரிந்து நின்று, முகத்தைத் தோளுக்குள் புதைத்து, மூடியை எட்டிப் பிடித்துச் சாத்தினான். துளைகளால் நெருப்பு நாக்கு நாக்காக வந்தது. குந்தியிருந்து ஈர மண்ணை அள்ளி ஒவ்வொரு துளையாக அடைத்தான். கொஞ்சமும் பதறவில்லை. ஆறு துளையும் அடைந்ததும் பீப்பாய்க்குள் ஒரு குமுறல் கேட்டு, மெல்ல மெல்ல அடங்கியது. பீப்பாயைச் சுற்றிச் சிந்தி எரிந்த கொழுப்பின்மேல் காலால் மணலைத் தள்ளி மூடினான். பிறகு ஓடிப்போய், எரிகிற வேலித் துண்டை இரண்டு கையாலும் பிடுங்கி வளவின் நடுவில் எறிந்தான். றம்லா அதன்மேல் வாளி வாளியாக ஊற்றினாள்.

எல்லாம் முடிந்தபோது அவனுக்கு இடது புருவம் இல்லை. காக்காவின் பெருநாள் சேட்டில் ஐந்தாறு ஓட்டை.

"மூடியத் திறக்காதீங்க," என்றான் ஜவுபர், மூச்சு வாங்க. "காத்துப் பட்டா மறுகாப் பத்தும். நாளைக்குத்தான் திறக்கலாம்."

"கோக்கி எண்டா கோக்கிதான்," என்றார் காக்கா, மணலில் இருந்தபடியே. ஜவுபர் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு றம்லா பின்வளவுக்கு வந்தபோது அவன் பீப்பாயைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். பக்கத்தில் உடைந்த மண்வெட்டித் தகடு, முந்தின நாளே செல்லத்தம்பியிடம் வாங்கிவந்த இரும்புத் தூரிகை, தும்பு, சவர்க்காரம், சுடுதண்ணீர், இரண்டு பழந்துணி. முதலில் சாம்பலை அள்ளி ஈரமணலில் தோண்டிய கிடங்கில் கொட்டினான். தகட்டைச் சரித்துப் பிடித்து, அடியிலிருந்த பிசினை ஒரே இழுப்பில் பாய்போல உரித்தெடுத்தான். கம்பித் தட்டைக் கொஞ்சம் தணலில் காட்டி, சூடு ஏறியதும் ஒவ்வொரு கம்பியாக மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று தேய்த்தான். கருகல் செதில் செதிலாக விழுந்தது. கடைசியில் ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தான்.

றம்லா சத்தம் போடாமல் நின்று பார்த்தாள். இறைச்சி சுடும்போது தட்டுத் தடுமாறுகிற அதே கைகள் இப்போது அப்படி ஒரு லாவகத்தோடு ஓடின.

"ஏன் தடவிப் பாக்கிறீங்க?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "தூரிகைட கம்பி முறிஞ்சி ஒட்டிரிக்கும். இறைச்சியோட தொண்டைக்குள்ள போயிரும். அங்க ஒரு ஆளுக்கு அப்பிடிப் போய்…" நிறுத்திவிட்டான்.

றம்லா அவனுக்கு முன்னால் மணலில் இருந்தாள். "இஞ்சப் பாருங்க. நீங்க அங்க சமைச்சீங்களா?"

அவன் தூரிகையை மணலில் வைத்தான்.

"நாலு வருசமும் நான் ஒரு துண்டு இறைச்சி சுடல்ல புள்ள. பன்ரெண்டு அடுப்பு. சுடுறவங்க சுட்டுட்டுப் போவாங்க. நான் சுரண்டுவன். முதல் வருசம் ஒருநாள் காச்சலெண்டு ஒரு அடுப்ப விட்டுட்டன். மறுநாள் கொழுப்புப் பத்தி மேல் புகைக்குழாயெல்லாம் எரிஞ்சி, ஒரு பொடியனுக்குக் கை ரெண்டும் வெந்து போச்சி. அதுக்குப் புறகு ஒரு அடுப்பும் விட்டதில்ல. வரக்குள்ள, இனி ஒருநாளும் கரி சுரண்டுறல்ல எண்டு நிய்யத்து வெச்சிக்கிட்டு வந்தன். இஞ்ச வந்தா எல்லாரும் கோக்கி எண்டாங்க. ஓம் எண்டுட்டன்."

"எனக்கும் பொய் சொன்னீங்க."

"அடுப்புக்கு நான் பொறுப்பெண்டுதானே எழுதினன். அது பொய்யில்ல."

றம்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். முன்கையில் வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகள். இத்தனை நாளும் அவற்றைச் சட்டியும் எண்ணெயும் சுட்டதென்றே நினைத்திருந்தாள்.

"நானும் ஒண்டு எழுதினன்," என்றாள். "எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் புறகு. 'வீட்டுக்கு ஒண்டுமில்ல, நாலு ஓடுதான் போச்சி' எண்டு."

"ஓம். அந்தக் கடிதம் இன்னமும் வெச்சிரிக்கன்."

"முழுக் கூரையும் போச்சிது. மூணு மாசம் காக்காட வீட்டதான் இரிந்தன். ஒரு சேலைதான் மிச்சம். நீங்க பதறிக்கிட்டு வந்திருவீங்களெண்டு எழுதல்ல."

ஜவுபர் தலையை நிமிர்த்திக் குசினிக் கூரையைப் பார்த்தான், வீட்டுக் கூரையைப் பார்த்தான். ஓடுகள் எல்லாம் ஒரே நிறத்தில் புதிதாக இருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அவன் கண் கலங்கியது. றம்லா தும்பை எடுத்து மூடியின் உட்புறத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். இந்தமுறை அவன் கையைப் பிடிக்கவில்லை. "அப்பிடியில்ல, கீழருந்து மேல," என்று மட்டும் சொன்னான்.

காக்கா சைக்கிளில் வந்து இறங்கியபோது இருவரும் முழங்கைவரை கறுத்திருந்தார்கள். எப்படிச் சமாளிப்பது என்று றம்லா யோசிப்பதற்குள் ஜவுபர் எழும்பி நின்று, "மச்சான், நான் கோக்கியில்ல. அடுப்புக் கழுவினவன்," என்று சொல்லிவிட்டான்.

காக்கா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். றம்லாவைப் பார்த்தார். பளபளக்கிற கம்பியைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் கடைசியில். "அப்ப குவைத்தில அப்பிடித் தின்னுறல்ல. நான் அஞ்சி மாசமா வயித்துவலியோட நடக்கன்."

சிரித்து முடியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு காக்கா குரலைத் தணித்துக்கொண்டு, தன் கடை அடுப்புக்கு மேல் புகைக்கூட்டில் ஒரு முழத்துக்கு எண்ணெய்க் கரி தொங்குகிறது, நேற்றிரவு முழுக்க அதே நினைப்பு, நித்திரையே இல்லை என்றார். அன்று பின்னேரமே ஜவுபர் தகட்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனான். கடை முழுவதும் பார்க்க, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு புகைக்கூட்டுக்குள் ஏறினான்.

பீப்பாய் வேலியிலிருந்து பதினைந்து அடி தள்ளி, வெறும் மணலுக்கு வந்தது. செல்லத்தம்பி அடியில் கொழுப்பு வடிய ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதற்குக் கீழே பாதி மணல் போட்ட மீன் டின் ஒன்று. பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மண்.

அடுத்த வெள்ளிக்கிழமை றம்லா விலாவிலிருந்த கொழுப்பை வெட்டிக் குறைத்து, மிளகும் தேசிப்புளியும் தடவி, தணல் வெளுத்த பிறகு ஓரமாக வைத்துச் சுட்டாள். ஜவுபர் மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"திருப்பினா என்ன புள்ள?"

"இன்னும் இல்ல."

"கருகிரும்."

"உங்கட வேலைய நீங்க பாருங்க," என்றாள் றம்லா. அவன் குனிந்து மீன் டின்னில் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்த்தான். அவள் திருப்பினாள். சொட்டிய கொழுப்பு தணலில் லேசாகச் சீறி அடங்கியது. சல்மா மதினி சாப்பாட்டுக் கோப்பையோடு முதல் ஆளாக வந்து நின்றா.