மூளைத்தண்டுக்கு வந்த முட்டை

1.

பட்!

லுத்மிலாவின் நெற்றியில் முட்டை உடைந்தது. இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது. அதற்கு முன்னால், 'ரொசாரியோ நகரில் அது ஓர் இளவேனில் காலை, ஆற்றங்கரையில்…' என்று தொடங்கி அடித்துவிட்டேன். (காலை எப்படி இருந்தால் உங்களுக்கென்ன?)

கடைசித் தேர்வில் தேறி வருகிறவர் தலையில் முட்டையும் மாவும் கொட்டுவது எங்கள் ஊர் வாழ்த்து. மருத்துவம் படிக்கும் லுத்மிலாவுக்கு அன்று கடைசித் தேர்வு, நரம்பியல். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இதிலும் போனால் இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

அழுதுகொண்டே வெளியே வந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று முடிவுகட்டி, தம்பி ராமிரோ எறிந்துவிட்டான்.

"எருமை, இன்னும் முடியலடா. காத்து வாங்கிட்டு வான்னு சார் அனுப்பியிருக்காரு."

"அப்போ ஏன் அழுத?"

"பதில் தெரியாம அழுதேன்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நல்ல முட்டை போச்சு."

2.

பேராசிரியர் சுபெல்தியாவைக் கொடுமைக்காரராக்கத்தான் நினைத்தேன். 'அவர் கண்கள் சிவக்க…' வேண்டாம். முட்டை வழிய உள்ளே வந்தவளைப் பார்த்ததும், பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்து சிரித்தார் மனிதர். (பின்வரிசையில் இருந்தேன். இங்கே வாய்மொழித் தேர்வை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம்.)

"பன்னிரண்டு மூளை நரம்போட பேரையும் கடகடன்னு ஒப்பிச்ச. அதுங்க வேலை என்னன்னா முழிக்கிற. சரி, முட்டை வந்தப்ப என்ன பண்ணின?"

"கண்ணை மூடினேன் சார்."

"யோசிச்சா மூடின?"

"இல்ல…" லுத்மிலா நிமிர்ந்தாள். "பட்டதும் அஞ்சாம் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்லிச்சு. ஏழாம் நரம்பு இமையை மூடிச்சு. யோசிக்கிற மூளையை யாரும் கேக்கவே இல்ல."

"அப்புறம்?"

"படியில வழுக்கிச்சு. தலை சாயுதுன்னு எட்டாம் நரம்பு சொல்லிச்சு, சிறுமூளை காலைச் சரிபண்ணிச்சு. விழல."

"தம்பி மேல வந்த கோபம்?"

"அது மேல் மாடி சார், பெருமூளை. இந்தக் கேள்வியில வராது."

3.

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் தேறுகிறாள், அது இனித்தது. மற்றதில் 'மீண்டும் அந்தப் படிகளில்…' அது என்னையே அழவைத்தது. பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை நான் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: சுபெல்தியா எழுந்து வந்து தன் கைக்குட்டையை நீட்டினார்.

"முகத்தைத் துடைச்சுக்குங்க, டாக்டர்."