நிறம் எடுத்த தண்ணீர்

ருக்கியாவின் அந்தூரியம் செடிகள் முதலில் இலை ஓரத்தில்தான் கருகின. திகன ஊருக்கு அப்பால், குளத்தை ஒட்டிய துண்டு நிலத்தில், கறுப்பு வலைக்குக் கீழே முந்நூறு சாடிகள் வைத்திருந்தாள். கல்யாண வீடுகளுக்கும் கண்டிப் பூக்கடைகளுக்கும் அவளுடைய பூக்கள் போகும். வெயில்தான் காரணம் என்று நினைத்து, காலையும் மாலையும் குளத்துத் தண்ணீரை இன்னும் தாராளமாக ஊற்றினாள். செடிகள் இன்னும் வேகமாகச் செத்தன.

விவசாய அலுவலர் சஞ்சீவனி, பன்வில ஊர்ப் பெண், ஒரு சிறு கருவியைக் குளத்தில் நனைத்துப் பார்த்தாள்.

“வெயில் இல்லக்கா. தண்ணியில உப்பு. அந்தூரியம் தாங்குற அளவப் போல ரெண்டு மடங்கு இருக்கு.”

“இது மலைநாடு. உப்பு எங்கால வார?”

சஞ்சீவனி மறுகரையைப் பார்த்தாள். அங்கே துணிக்குச் சாயம் போடும் ஆலையின் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர்.

ருக்கியாவின் கணவன் நஸீபுக்கு அந்த ஆலையில்தான் வேலை. சாயம் துணியில் பிடிப்பதற்காக உப்பு மூட்டைகளைத் தொட்டியில் கொட்டுவான். வெடித்துப்போகும் அவன் உள்ளங்கைகளுக்கு ஆறு வருடமாக அவள்தான் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறாள். அன்று அவன் பகல் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

“ஒரு நாளைக்கு எத்தின மூட கொட்டுற?”

“நாப்பது. சில நாளைக்கு அம்பது.”

“அதெல்லாம் எங்க போற?”

நஸீப் சோறு பிசைவதை நிறுத்தினான். “சுத்தம் பண்ணித்தானே விடுற. நிறத்த எல்லாம் எடுத்துப் போடுற. நானே பாத்தீக்கேன்.”

“நிறத்த எடுக்கிற. உப்ப?”

அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான்.

எவ்வளவு உப்பு செலவாகிறது என்று ஆலைக்குள் இருக்கும் ஒருவர் எழுதித் தந்தால், ஆலையின் மேல் கொடுக்கும் முறைப்பாட்டுக்குப் பலம் இருக்கும் என்றாள் சஞ்சீவனி. மூன்றாம் நாள் நஸீப் எழுதிக் கையெழுத்து வைத்தான். ருக்கியா அவனை எழுதச் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை. மூன்று கிழமையில் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் போத்தலில் தண்ணீர் பிடித்தார்கள். நிறம் சரி, மணம் சரி, உப்பு மட்டும் கூட என்று எழுதினார்கள். உப்பைக் குறைக்க ஆலைக்கு இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். நஸீபின் இடத்தில் வேறொருவன் மூட்டைகளைக் கொட்டத் தொடங்கினான்.

மாசியில், மழை நின்ற பிறகு, சஞ்சீவனி மறுபடி வந்து குளத்தை அளந்தாள். நஸீப் பக்கத்தில் நின்றான்.

“கொறஞ்சீக்கா மிஸ்?”

“கூடியிருக்கு. குழாயை இன்னைக்கே மூடினாலும் உப்பு லேசுல போகாதுங்க. இந்தக் குளத்துல தண்ணி வெளிய போற வழி சின்னது. வருஷக்கணக்கா கெடக்கும்.”

வலைக்குக் கீழே பதினோரு செடிகள் மிஞ்சியிருந்தன. அவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு ருக்கியா, “எங்கட கிணத்தயும் ஒருக்காப் பாருங்க” என்றாள்.

சஞ்சீவனி வாளியில் தண்ணீர் இறைத்து அளந்தாள். கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தாள்.

“குடிக்கிறதும் இதத்தானா அக்கா?”

“வேற எது ஈக்கி?”

சஞ்சீவனி எண்ணைச் சொன்னாள். குளத்து உப்பு கிணற்றுக்கும் வந்திருந்தது. நஸீப் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

“ஆறு வருஷம்” என்றான். “நான்தான் கொட்டீக்கேன்.”

ருக்கியா அவனுக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாள். வாளியில் மிஞ்சிய தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.