ரங்கம்மாள் அடித்த சத்தியம்

"டென்ட்டு போட்டுத் தங்கறது ரெண்டே ராத்திரிம்மா. நீ இன்னா, பொண்ணுக்குச் சீர் கட்டற மாதிரி கட்டிக்கினு இருக்க?"

சொன்ன பிறகுதான் வீரமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த வீட்டில் பொண்ணு, சீர் என்ற பேச்சை யாரும் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ரங்கம்மாள் காதில் விழாதவள்போல் ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணி போட்டுக் கட்டினாள்.

"தார்ப்பாய் வெச்சிக்கினியாடா?"

"வெச்சாச்சி."

"நெருப்புப் பெட்டி ரெண்டா வெச்சிக்க. ஒண்ணு நமுத்துப் போவும். புரட்டாசி பொறந்தா மலையில எப்ப மழ அடிக்கும்னு சொல்ல முடியாது. கம்பளி?"

"தூங்கறதுக்குப் பையே இருக்கும்மா. உள்ள பூந்து ஜிப்பு போட்டுக்க வேண்டிதுதான்."

"பொணத்த கட்டற மாதிரியா? நல்லா தூங்கினீங்க போ."

சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் மகன், ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தான். கூட வேலை செய்யும் மூணு பேர் காரில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அந்தாண்டை, அருவிச் சத்தம் கேட்கிற ஏதோ ஒரு மேட்டில் கூடாரம் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. மூணு நாளாக வீடே அதற்காகத் தலைகீழாகக் கிடந்தது.

மலை என்ற சொல்லை மட்டும் ரங்கம்மாள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள். மூத்தவள் கண்ணகி அங்கே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய், பச்சமுத்து என்கிற மலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். சேதி வந்த நாலாம் நாள் அவளுடைய அப்பா நாராயணசாமி கிணற்றடியில் ஈரத்துணியோடு நின்று, செத்துப்போனவளுக்கு முழுகுவதுபோல் தலை முழுகினார். ஐந்தாம் நாள் ரங்கம்மாளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்தினார்.

"பெத்த பாசம்னு நீ பின்னால ஓடுவ. அந்த மலையில காலெடுத்து வைக்க மாட்டேன், அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன், மீறினா என் புள்ள வீரமுத்துவுக்கு ஆவாதுன்னு சொல்லி அடிடி."

அடித்தாள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தாள். அன்றிலிருந்து மாடியில் துணி காயப்போடும்போதுகூட மேற்கே தெரிகிற மலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். நாலு வருஷத்துக்கு முன்பு உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் இரண்டு லாரிக்கு நடுவே வீரமுத்து வண்டியோடு விழுந்து, காலெலும்பு முறிந்ததோடு தப்பித்தான். எல்லாரும் டாக்டரைப் புகழ்ந்தார்கள். ரங்கம்மாளுக்கு மட்டும் தெரியும், பிள்ளையைக் காப்பாற்றியது எது என்று.

"இந்தா ரங்கம்மா, கோழிக்கு மசாலா அரைச்சாச்சா?" என்று வாசலிலிருந்து நாராயணசாமியின் குரல் கேட்டது. காலையிலேயே கடைவீதிக்குப் போனவர் இப்போதுதான் திரும்பினார்.

"புரட்டாசி மாசத்துல, பெருமாளுக்கு எல போடற வூட்ல, கறி மசாலாவா? கேக்கறதுக்கு வாய் எப்படிங்க வருது?"

"அம்மியில அரைக்காத. மிக்சியில அரை."

"மிக்சிக்கு மட்டும் இன்னா ஆடி மாசமா நடக்குது?"

வீரமுத்து சிரித்தான். "வூட்ல துன்ன முடியலன்னுதானேம்மா மலைக்கே போறோம்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பெரிய அலுமினியக் குண்டானைப் பரணிலிருந்து இறக்கப் போனாள்.

"குண்டான்லாம் வேணாம்மா. அங்கயே இருக்கு."

"எங்க?"

"அங்கதான்... எடம் குடுக்கறவங்க வூட்ல."

"வெறகு?"

"அவங்களே வெட்டி வெச்சிருக்காங்க."

"சோறு யாரு ஆக்கறது?"

"அவங்களே ஆக்கிடுவாங்கம்மா. தொணதொணன்னு கேக்காத."

"பின்ன எதுக்குடா மூணு நாளா என்ன இந்த ஆட்டு ஆட்டற? வெறகு அவங்களுது, பானை அவங்களுது, சோறும் அவங்களே ஆக்கறாங்க. அப்படி உங்களுக்கு வடிச்சிக் கொட்ட மலையில எவ காத்துக்கினு இருக்கா?"

வீரமுத்து கூடாரக் கம்பிகளை எண்ண ஆரம்பித்தான். ஏற்கெனவே இரண்டு தரம் எண்ணியவன்.

நாராயணசாமி கையிலிருந்த மஞ்சள் பையைக் கம்பளிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே செருகிவிட்டுக் கால் கழுவப் போனார். மூட்டையைச் சேர்த்துக் கட்டலாம் என்று ரங்கம்மாள் பையை இழுத்தாள். உள்ளே பாவாடை சட்டை ஒன்று. அரக்குப் பட்டு மாதிரி மினுமினுத்தது. ஆறேழு வயசுப் பெண்ணுக்கு ஆகும். கூடவே கண்ணாடி வளையல், சின்னதும் பெரிசுமாக இரண்டு அளவில்.

"இது எந்த டென்ட்டுக்குங்க?"

கால் கழுவிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"அது... எடம் குடுக்கறவங்களுக்குப் பொட்டப் புள்ள ரெண்டு கீது. வெறுங்கையோட போவக் கூடாதில்ல?"

"இவன் போறான். துணி நீங்க வாங்கறீங்க?"

"இன்னா இப்ப? நான்தான் மாசா மாசம் கெழங்கு லோடு ஏத்தப் போறனே, பழக்கம்."

மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புவது அவருடைய வியாபாரம். அடிவாரத்திலேயே லாரியை நிறுத்தி ஏற்றுகிறார் என்றுதான் ரங்கம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பாவாடையைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தாள். ஒரு தீபாவளிக்காவது இந்த மனுஷன் பிள்ளைகளுக்கு அளவாகத் துணி எடுத்ததில்லை. தொளதொளவென்று வாங்கி வருவார், அவள் உட்கார்ந்து பிடித்துத் தைப்பாள். இந்தப் பாவாடை நீளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடுப்பில் ஒல்லிக் குழந்தைக்கென்று ஏற்கெனவே பிடித்துத் தைத்திருந்தது.

"கடைக்காரனண்ட இன்னான்னு சொல்லித் தைக்கச் சொன்னீங்க?"

"ஏழு வயசு, கொஞ்சம் ஒல்லின்னு..."

"யாரு பெத்த புள்ள அது?"

வீரமுத்துவின் கையிலிருந்து ஒரு கம்பி நழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டது.

"வீரா, நீ சொல்றா. எடம் குடுக்கறது யாரு?"

"மாமாதாம்மா."

"எந்த மாமா?"

"பச்சமுத்து மாமா. அக்காவும் அவரும்தான் டென்ட்டுக்கு எடம் வுட்டு, சமைச்சிப் போட்டு... நாலஞ்சி வருஷமா செய்றாங்க."

ரங்கம்மாள் அரிசி மூட்டையின்மேலேயே உட்கார்ந்தாள். அதுவரைக்கும் புருஷனை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்த வாய் மாறியது.

"எவ்ளோ நாளா போய்க்கினு இருக்க நீ?"

"கொரல ஒசத்தாத."

"எவ்ளோ நாளா?"

"மூணாவது வருஷம். கெழங்கு எவனும் குடுக்கல. அந்தப் பையன் சொன்னாத்தான் மலையில கெழங்கு எறங்கும்னு இருந்துச்சி. பொழப்பு. போவாம இன்னா பண்றது?"

"தல முழுவினியே?"

"முழுவினேன். அப்புறம் துவட்டிக்கினேன். அதுக்கு இன்னாங்கிற?"

"நான் சூடம் அடிச்சேனே!"

"அதத்தான் சொல்றேன். சத்தியம் பண்ணது நீ. நான் எங்க பண்ணேன்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம்கூட இல்லை. பஞ்சாயத்தில் நியாயம் சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார். ரங்கம்மாள் அவரை வெறிக்க வெறிக்கப் பார்த்தாள்.

"வூட்டுக்கு வந்து என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? போறேன்னு நிப்ப. இவனுக்கு ஏதானா ஒண்ணு ஆயிட்டா? உன் நல்லதுக்குத்தான் சொல்லல."

"அவளுக்கு ஒரு போன் போடுறா."

"அம்மா, இப்பவா..."

"போடுறா."

வீரமுத்து போட்டு நீட்டினான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்றா வீரா, கெளம்பிட்டீங்களா? கோழிய இப்பவே அறுத்து வெக்கட்டுமா, நீங்க வந்தப்புறம் அறுக்கட்டுமா?"

கொஞ்சம் தடித்திருந்தது குரல். மற்றபடி அதே குரல்தான்.

"நான்தான் கண்ணகி."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடிப்பது கேட்டது.

"இன்னா இப்ப புதுசா?" என்றாள் கண்ணகி.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இவங்க ரெண்டு பேரும் வந்து போறாங்கன்னு இப்பத்தான்..."

"பெரியவ பொறந்தப்ப மூணு நாளு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில கெடந்தேன். உன் வூட்லேர்ந்து நடந்தே வரலாம். ஆளு மேல ஆளு சொல்லி அனுப்பினேன். உங்கம்மா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்றாடின்னு அப்பா சொல்லி வுட்டாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லல கண்ணகி. என்னாண்ட சத்தியம் வாங்கிட்டாரு. உன் தம்பி தலமேல..."

"யாரு வாங்கினா இன்னா? அடிச்ச கை உன்னுதுதானே? சத்தியம் பண்ணாதவரு வந்தாரு. பண்ணவ வரல."

"தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா? நெஞ்சில கைவெச்சிச் சொல்லு பாப்போம்."

வந்திருப்பேன் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அன்றைக்கு யாராவது வந்து சொல்லியிருந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதிருப்பாளே தவிர எழுந்து போயிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

"ம். அதான்" என்றாள் கண்ணகி.

"இப்ப வரேன்."

"வருவியோ வர மாட்டியோ. புள்ளைங்களாண்ட எங்கம்மா செத்துட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். வந்தா வாசல்ல நில்லு. உள்ள கூப்புடுவேனான்னு எனக்கே தெரியல."

"வாசல்லயே நிக்கறேன்."

போன் நின்றுவிட்டது. ரங்கம்மாள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி கெளம்பற? ஊரு சிரிக்கும்" என்றார் நாராயணசாமி.

"நீ போனப்ப சிரிக்காத ஊரு, நான் போனா மட்டும் சிரிக்குமா?"

வீரமுத்துவின் போன் அடித்தது. கூட்டாளிகள் உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டார்களாம். சரி சரி என்று வைத்தவன் அம்மாவின் எதிரே வந்து நின்றான்.

"அம்மா, இப்ப வேணாம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் இன்னா மாறும்?"

"இல்ல... என் தலமேல அடிச்சதும்மா அது."

ரங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அதெல்லாம் நம்பறவன் இல்லியே? மூட நம்பிக்கைன்னு எனக்குப் பாடம் நடத்துவியே?"

"நம்பலதான். ஆனா மலை ரோடு, மழ வேற. கார நான்தான் ஓட்டணும். அன்னிக்கி லாரிக்கு நடுவுல வுழுந்தப்ப, நீ சத்தியத்த மீறாம இருக்கறதாலதான் பொழச்சேன்னு நீதானே சொன்ன?"

"அப்ப இத்தன வருஷமா என்ன மட்டும் வூட்ல வுட்டுட்டு நீங்க போய் வந்தது, என்ன ஏமாத்த இல்ல. உன் உசுருக்கு என்னைக் காவல் வெச்சிருக்கீங்க."

"அப்படிச் சொல்லாதம்மா."

சொல்லாதே என்றானே தவிர, இல்லை என்று அவன் சொல்லவில்லை. அரைக்கால் சட்டைக்குக் கீழே கெண்டைக்காலில் தையல் போட்ட தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. பெற்ற வயிறுதானே, அதற்கு ஞாயம் தெரியாது. ஒரு நிமிஷம் செருப்பைக் கழற்றிவிடுவாள் போலத்தான் இருந்தது.

"உன் கார்ல நான் வரல. என்ன ஏத்திக்கினு போன பாவம் உனக்கு வேணாம்" என்றாள். "நீ மெதுவா ஓட்டு. மழ வந்தா நிறுத்திடு."

"வெறுங்கையோடவா போற?" என்றார் நாராயணசாமி. பையைக் காட்டி, "இதயாவது எடுத்துக்கினு போ."

"அது நீ வாங்கினது. நீயே குடு."

கச்சிராயபாளையம் ரோட்டுக்கு வந்து நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து மலைக்குப் போகிற பஸ் வந்தது. கூட்டம். உப்பு, புளி, மண்ணெண்ணெய்க் கேன் என்று சாமான்களைக் காலடியில் அடுக்கிக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கரியாலூருக்கு."

"கீழ் நாட்டு ஆளு மாதிரி கீறீங்க. அங்க யாரு வூட்டுக்கு?"

"மவ வூட்டுக்கு."

"ஓ, நம்ம ஊருலதான் குடுத்திருக்கீங்களா? அடிக்கடி பாத்ததில்லியே உங்கள?"

"இப்பத்தான் மொதல்ல போறேன்."

"கல்யாணம் ஆயி எவ்ளோ நாளாச்சி?"

"ஒம்போது வருஷம்."

அந்தப் பெண் குனிந்து சாமான்களை இன்னொரு தரம் அடுக்கினாள். கண்டக்டர் வந்தார். ரங்கம்மாள் கரியாலூருக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, எதிரே ஏறி வந்துகொண்டிருந்த மலையைப் பார்த்தாள்.